ஆளில்லா வண்டியில் தேய்ந்த இருக்கை

1

அம்மாடி ரஸியா,

போன வெள்ளிக்கிழமை போனில் நீ கேட்டாய்: "தம்பி எங்கிட்ட நல்லாத்தான் பேசுறான். உங்க பேச்சை எடுத்தா மட்டும் 'அக்கா, வேலை இருக்கு'ங்குறான். உங்க ரெண்டு பேருக்குள்ள என்ன அத்தா நடந்துச்சு?"

நான் "ஒண்ணுமில்லம்மா, அவனுக்கு வேலை அலைச்சல்" என்று சொல்லிவிட்டுப் பேரப்பிள்ளைகளைக் கூப்பிடச் சொன்னேன். சின்னவள் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவைப் பற்றி நிறையச் சொன்னாள். நான் "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தைகூட மனதில் ஏறவில்லை.

ஒன்றுமில்லை என்று நான் சொன்னது பொய். அதனால்தான் இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். கோணி ஊசி பிடித்த கை, பேனா பிடித்துப் பழகவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் நீ இதை அஸ்லத்துக்குப் போனில் வாசித்துக் காட்ட வேண்டும். ஒன்பது வயதில் திண்டுக்கல்லை விட்டு வந்தவன். தமிழ் காதில் விழுந்தால் புரியும், எழுத்து மறந்துபோயிற்று. நான் கூப்பிட்டால் எடுக்கமாட்டான். நீ கூப்பிட்டால் எடுப்பான். உனக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவனை நீதானே இடுப்பில் வைத்து வளர்த்தாய்.

2

நாம் பிரிந்த கதையை அவன் சரியாக அறியமாட்டான்.

உன் மாமா, அதாவது உன் அம்மாவின் அண்ணன், அமெரிக்காவில் குடியுரிமை வாங்கியதும் தங்கை குடும்பத்துக்காக மனுப் போட்டார். அப்போது நீ இரண்டாம் வகுப்பு. வரிசை நகர்கிறதா, நகர்கிறதா என்று வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தோம். இடையில் அஸ்லமும் பிறந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். ஒரு வழியாகச் சென்னைக்கு விசா நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். சன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். மனு பரிசீலனைக்குக் கிடந்த நாளைக் கழித்த பிறகும் உன் வயது இருபத்தொன்றைத் தாண்டி நாலு மாதம் ஆகிவிட்டதாம். பிள்ளை என்ற கணக்கில் நீ வரமாட்டாயாம்.

"மேடம், நாலு மாசத்துல மக இல்லேன்னு ஆயிருமா?" என்று கேட்டேன். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியும். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அடுத்த டோக்கன் நம்பரை அழுத்தினார்.

வந்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. உனக்கு மாப்பிள்ளை பார்த்து, பழ மண்டிக்காரருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, மூன்று பேராக ஏறி வந்தோம்.

இங்கே வந்த பிறகு அஸ்லம் ஆறு மாதம் உன்னிடம் போனில் பேசுவதற்கு மட்டும் வாயைத் திறந்தான். அப்புறம் பள்ளிக்கூடத்து மொழி அவன் வாய்க்குள் குடியேறியது, வீட்டு மொழி ஒவ்வொரு சொல்லாக வெளியேறியது. பன்னிரண்டு வயதில் என்னிடம் பேச அவனிடம் சொல் இல்லை. அவனிடம் பேச என்னிடம் விஷயம் இல்லை. நான் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் கடையில் வேலை பார்த்துவிட்டு வருவேன். அவன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு அறைக்குள் இருப்பான். "சாப்டியாப்பா?" "சாப்டேன்." கதவு சாத்திக்கொள்ளும். இருபது வயது வரைக்கும் அப்பனும் மகனும் பேசியதை எல்லாம் சேர்த்தால் இந்தத் தாளில் ஒரு பக்கம் நிறையாது.

3

அவன் படிப்பை முடித்து ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் சேர்ந்திருந்த சமயம். ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் மாமா பசியாற வந்திருந்தார். உன் அம்மா இட்லியும் கறிக்குழம்பும் வைத்திருந்தாள்.

"கேட்டியா மாப்ள," என்றார் மாமா என்னிடம். "ஒன் மகன் அந்தக் கரண்டு கார் கம்பெனில பங்கு வாங்கியிருக்கானாம். வாங்குற சம்பளத்துல பாதியை அதுல கொட்டுறான்."

கம்பெனியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அஸ்லத்துக்குத் தெரியும், அது போதும்.

அஸ்லம் இட்லியைப் பிட்டபடியே சொன்னான்: "அத்தா, அது வட்டி இல்ல. கூட்டு மாதிரி. அவனுக்கு லாபம்னா நமக்கு லாபம். நஷ்டம்னா நமக்கும் நஷ்டம்."

வட்டி கூடாது என்று பேங்கில் போட்ட பணத்தை வெறுமனே கிடக்க விட்டவன் நான். அதை இவன் தெரிந்து வைத்திருக்கிறான் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மாமா விடவில்லை. "கார் விக்கிற கம்பெனிக்கு இம்புட்டு வெலையா? அது சம்பாதிக்கிறதுக்கும் பங்கு விக்கிற வெலைக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?"

"அது கார் கம்பெனி இல்ல மாமா. கார் வெறும் பாடி. உள்ள இருக்குற மூளைதான் சரக்கு. இன்னும் கொஞ்ச நாள்ல ஸ்டியரிங்கைத் தொடாமலே ஓடும். நீங்க தூங்குறப்ப உங்க கார் டாக்சியாப் போயி சம்பாதிச்சுட்டு வந்து வாசல்ல நிக்கும்."

"கொஞ்ச நாள், கொஞ்ச நாள்னு எத்தனை வருசமாச் சொல்றாங்க மருமகனே? எனக்குப் பொண்ணு பாத்தப்பகூட எங்கம்மா இத்தனை தடவை தவணை சொல்லலை. இங்கிட்டுச் சீனாக்காரன் பாதி வெலைக்குப் பேட்டரி வண்டி விட்டுக்கிட்டு இருக்கான். ஒன் கம்பெனிக்கு யாவாரம் படுத்துப்போச்சு."

"உங்களுக்குப் பெட்ரோல் பங்க் இருக்கு. கரண்டு வண்டி வந்தா நீங்க அங்க சிப்ஸ் பாக்கெட் மட்டும்தான் விக்கணும். அந்த வயித்தெரிச்சல்."

உன் அம்மா சிரித்ததில் குழம்புக் கரண்டி நழுவி விழுந்தது. மாமாவும் சிரித்துவிட்டு ஒரு சட்டம் போட்டார்: "இந்தா பாரு, இனிமே வாராவாரம் வாரேன். ஆனா தமிழ்ல பேசினாத்தான் ஒத்துக்குவேன். இங்கிலீசுல சொல்றது கணக்குல வராது. ஒங்கத்தாதான் நடுவர்."

அன்றிலிருந்து மூன்று வருஷம் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பட்டிமன்றம். மாமா எழுந்து நின்று "நடுவர் அவர்களே!" என்று ஆரம்பிப்பார். மருமகனை மடக்கச் செய்தித்தாள் துண்டுகளைச் சட்டைப்பையில் கொண்டுவருவார். கேமராவை மட்டும் நம்பி ஓடும் வண்டிக்கு மழையில் கண் தெரியுமா என்பார். லட்சக்கணக்கான வண்டிகள் ஓடி ஓடிக் கற்றுக்கொடுத்துக்கொண்டே இருக்கின்றன, மனுஷ டிரைவருக்கு அந்தப் பாக்கியம் உண்டா என்பான் அஸ்லம். அவனுக்குச் சொல் வராமல் திணறும்போது என் பக்கம் திரும்புவான். நான் எடுத்துக்கொடுப்பேன். அப்படி அவன் என்னிடம் வாங்கிய சொற்கள் எத்தனையோ.

உன் மாப்பிள்ளை வாங்கிய கரண்டு ஸ்கூட்டர் சிறுமலை ஏற்றத்தில் பாதி வழியில் நின்றுபோய், வாழைத்தார் ஏற்றிவந்த ஜீப்பில் போட்டு இறக்கினார்களே, அதை நீ போனில் சொன்ன வாரம் மாமாவுக்குப் பெருநாள். "நடுவர் அவர்களே! இவன் மச்சான் வண்டி சிறுமலைக்கே ஏறலை, இவன் கம்பெனி ஆகாசத்துக்கு ஏறுமாம்!"

"மாமா, அது வேற கம்பெனி, வேற பேட்டரி. மச்சான் வெயிட்டும் வேற!"

தீர்ப்பு கேட்டால் நான் "அடுத்த வாரம்" என்று சொல்லிவிடுவேன். தீர்ப்புச் சொன்னால் பேச்சு முடிந்துவிடுமே.

4

இனிமேல் எழுதுவதுதான் நீ கேட்டதற்குப் பதில்.

பட்டிமன்றம் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருக்கும். எங்கள் கடை முதலாளி வியட்நாம்காரர், அதிகம் பேசமாட்டார். ஒருநாள் ஒரு லாரியில் பதினைந்து இருக்கைகள் வந்து இறங்கின. எல்லாம் டிரைவர் இருக்கை. தானாக ஓடும் சோதனை வண்டிகளில் இருந்து கழற்றியவை என்றார். அஸ்லம் பங்கு வாங்கிய அதே கம்பெனிக்காக வண்டிகளைப் பராமரிக்கும் ஓர் ஒப்பந்தக்காரர் அனுப்பியிருந்தார். உறை மாற்றி, ஃபோம் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

நான் இருக்கையைத் தொட்டால் அதில் உட்கார்ந்த ஆளைச் சொல்லிவிடுவேன். திண்டுக்கல் குஷன் கடையில் லாரி சீட்டு, வேன் சீட்டு என்று தொடங்கி இங்கே வரைக்கும் முப்பது வருஷத் தொழில். டாக்சிக்காரர் இருக்கையில் கதவுப் பக்கத்து விளிம்பு தேய்ந்திருக்கும், ஏறி இறங்கியே தேய்ப்பார்கள். தூரம் ஓட்டுகிறவர்களுக்கு முதுகு படும் இடத்தில் நடுவில் குழி விழும். தலை சாய்க்கும் இடத்தில் எண்ணெய்க் கறை இல்லாத இருக்கையை நான் பார்த்ததே இல்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போதாவது மனுஷன் தலையைச் சாய்ப்பான்.

இந்த இருக்கைகளில் முதுகுக்குக் குழி இல்லை. தலை சாய்க்கும் இடம் நேற்றுப் பெட்டியைப் பிரித்தது போலப் புதுசாக இருந்தது. ஆனால் உட்காரும் பலகையின் முன் விளிம்பில், வலது தொடை படும் இடம் மட்டும், ரெக்சின் வெடித்து ஃபோம் மாவாகியிருந்தது. பதினைந்தும் ஒரே மாதிரி.

நானே ஒன்றில் உட்கார்ந்து பார்த்தேன். முதுகை ஒட்டாமல், முன்னுக்கு நகர்ந்து, வலது காலைப் பிரேக்குக்கு மேலே அந்தரத்தில் தூக்கி வைத்துக்கொண்டால்தான் அந்த இடம் அப்படி நசுங்கும். வண்டி தானாக ஓடுகிறது, சரி. ஆபத்துக்கென்று உள்ளே வைத்திருக்கிற ஆள் வேலை நேரம் முழுக்க, இப்போது மிதிக்க வேண்டியிருக்குமோ, இப்போது மிதிக்க வேண்டியிருக்குமோ என்று காலைத் தூக்கி வைத்தபடி உட்கார்ந்திருக்கிறான். ஒரு தடவைகூட அந்த வண்டியை நம்பித் தலையைச் சாய்க்கவில்லை.

அப்போது இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆரம்பம், அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகும் என்று நினைத்தேன். அஸ்லமும் அப்படித்தானே சொல்கிறான்.

அடுத்த வருஷம் அதே ஒப்பந்தக்காரரிடம் இருந்து இரண்டாவது லாரி வந்தது. நான் ஓடிப்போய் முதலில் தலை சாய்க்கும் இடத்தைத்தான் பார்த்தேன். புதுசு. தொடை விளிம்பைத் தடவினேன். மாவு. போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் ஒரு விரல்கூட வித்தியாசம் இல்லை. அந்த வண்டி ஒரு வருஷத்தில் எதைக் கற்றுக்கொண்டதோ, உள்ளே உட்கார்ந்திருந்தவனின் கால் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அஸ்லம் பசியாறி முடித்துவிட்டு மாமா போகும் வரை காத்திருந்தான். பிறகு சொன்னான்: "அத்தா, பேங்க்ல சும்மா கிடக்குறதையும் குடுங்க. எனக்கு வேற யார்கிட்டயும் கேக்கத் தோணலை. நீங்க என் பார்ட்னரா இருங்க."

கொடுத்தேன். இருக்கையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவன் என் தோளில் கை போட்டான். அவன் உயரத்துக்கு என் தோள் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

5

ஏன் திறக்கவில்லை என்று கேட்பாய். அஸ்லமும் கேட்டான். அவனிடம் நான் சொன்ன காரணத்தை முதலில் எழுதுகிறேன்.

என் அத்தா திண்டுக்கல் கறிக்கடைகளுக்காக அய்யலூர்ச் சந்தையில் ஆடு பிடித்தவர். வியாழக்கிழமை விடிவதற்குள் அங்கே நிற்க வேண்டும். விலையை வாயால் பேசமாட்டார்கள். வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். உள்ளே விரலைப் பிடித்து அழுத்துவார்கள். எத்தனை விரல், எந்தக் கணு என்பதுதான் விலை. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. முகத்தைப் பார்த்தால் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. நம் ஆள் கை துண்டுக்குள் இருக்கும்போது நம் பக்கத்தவன் யாரும் சரக்கைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது.

நீ பிறப்பதற்கு முந்தின வருஷம், கல்யாணமான புதிது, நானும் அத்தாவோடு கூட்டாக நின்றேன். அவர் ஒரு கிடாவுக்குக் கை கொடுத்திருந்தார். அது பின்னங்காலைத் தாங்கித் தாங்கி வைத்தது எனக்குத் தெரிந்தது. பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்: "அத்தா, அதுக்குக் கால் தாங்குது."

விற்கிறவர் கையை உருவிக்கொண்டார். "என்ன பாய், ஒங்க வீட்டுப் பிள்ளை என் உருப்படியைச் சந்தையில வச்சு நொண்டிங்குது?" கூட்டம் திரும்பிப் பார்த்தது.  விற்கிறவர் கேட்ட விலையை அத்தா அப்படியே கொடுத்து அந்தக் கிடாவை வாங்கினார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டு வாசலில் வைத்துத்தான் சொன்னார்: "ஒருத்தன் கை உள்ள இருக்கையில பேசாதலே. கெட்டாலும் அது அவன் கை."

அந்தக் கிடாவின் கால் அழுகிப்போய் அதை யாருக்கும் கொடுக்க முடியவில்லை. அதைப் பற்றி அவர் மௌத்தாகி அடக்கமாகும் வரை என்னிடம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அஸ்லம் கையை உள்ளே விட்டிருந்தான். அதனால் நான் பேசாமல் நின்றேன். இதுதான் அவனிடம் நான் சொன்ன காரணம்.

6

பங்கு விழ ஆரம்பித்தபோது மாமா முதலில் குஷியாக வந்தார். விற்பனை குறைந்த செய்தி, தானாக ஓடும் டாக்சியைத் தள்ளிப்போட்ட செய்தி, கம்பெனித் தலைவர் எதையோ உளறிய செய்தி, எல்லாம் சட்டைப்பையில் இருந்தன. மூன்றாவது வாரம் அவரே எதையும் வெளியே எடுக்கவில்லை. "மருமகனே, கொஞ்சத்தை வித்துட்டாவது உக்காரு" என்று மெதுவாகச் சொன்னார். அஸ்லம் தட்டைப் பார்த்துக்கொண்டே "பார்ட்னர் நடுவுல எந்திரிச்சுப் போகமாட்டான் மாமா" என்றான். அந்தப் பேச்சு அவனுக்கு என்னிடம் இருந்துதான் வந்தது.

அவன் எங்களிடம் சொல்லாத ஒன்று இருந்தது. இருந்த பங்கை ஈடு வைத்துக் கடன் வாங்கி, மேலும் பங்கு வாங்கியிருந்தான். வட்டிக் கடன். விலை ஓர் அளவுக்குக் கீழே போனதும், கடன் கொடுத்த நிறுவனம் அவனைக் கேட்காமலே எல்லாவற்றையும் விற்று எடுத்துக்கொண்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவன் ஆபீஸுக்குப் போகும் வழியில், அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

சேதியை அவன் போனில் சொன்னதும் நான் அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டேன். தமிழ் வேண்டும் என்று கேட்டதற்கு எங்கிருந்தோ ஒரு மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்தார்கள். நல்ல பெண், யாழ்ப்பாணத் தமிழ். "ஐயா, அந்தக் கணக்குக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு எண்டு கேக்கினம்."

"தகப்பன்மா."

அவர் அதைச் சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ பேசினார்கள்.

"தகப்பன் எண்டால் மட்டும் காணாதாம் ஐயா. கணக்கில உங்கட பேர் இல்லையாம்."

"பணம் கேக்கலைம்மா. இன்னொரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதான்னுதான் கேக்குறேன்."

அதை அவர் மொழிபெயர்த்தாரா, தெரியவில்லை. லைன் அறுந்துவிட்டது.

அன்று மத்தியானம் அஸ்லம் வேலைக்குப் போகாமல் திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்திருந்தான். உன் அம்மா அவன் தலையைத் தடவிக்கொண்டு நின்றாள். அவனைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நம் ஊரில் ஆறுதலுக்குச் சொல்கிற சொல்லையே சொன்னேன். அதைச் சொன்ன நாக்கை என்ன செய்வது.

"விடுப்பா. எனக்கு அப்பவே தெரியும்."

அவன் நிமிர்ந்தான். "என்ன தெரியும்?"

இருக்கையைப் பற்றிச் சொன்னேன். தொடை விளிம்பு, தலை சாய்க்கும் இடம், இரண்டு லாரி. முழுசாகச் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டான்.

"ரெண்டாவது லாரி எப்ப வந்துச்சு?"

"நீ பணம் கேட்ட வாரம்."

"கேக்குறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால."

"ஏன் சொல்லல?"

அய்யலூரைச் சொன்னேன். துண்டு, விரல், கால் தாங்கின கிடா. அவன் சிரித்தான். சிரித்த முகத்தில் கண்ணீர் ஓடியது.

"அத்தா, நான் ஆடு வாங்கலத்தா. துண்டுக்கு அந்தப் பக்கம் கையே இல்ல. நான் மட்டும்தான் இருந்தேன். இந்தப் பக்கம் நீங்க இருக்கீங்கன்னு நினைச்சேன்."

உன் அம்மா என்னைப் பார்த்து ஒரே வார்த்தை கேட்டாள். "மூணு வருசமா நடுவர்னு உக்காந்து என்னத்தப் பண்ணுனீக?"

அடுத்த மாதம் அவன் மூட்டையைக் கட்டினான். இங்கிருந்து இரண்டு நாள் கார்ப் பயணம் போகும் தூரத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை. போகும்போது ஸலாம் சொல்லிவிட்டுத்தான் போனான். மரியாதைக்குக் குறைவில்லை.

7

இப்போது அவனிடம் சொல்லாத காரணம். இதைக் கொஞ்சம் நிறுத்தி வாசித்துக் காட்டம்மா.

அய்யலூர் ஒரு சாக்கு. அப்படிச் சொன்னபோது நானே அதை நம்பினேன், இப்போது நம்பவில்லை. முதல் லாரி வந்த வாரமே நான் சொல்லியிருக்கலாம், அப்போது என் பணம் எதுவும் உள்ளே இல்லை. பட்டிமன்றத்தில் அதை எடுத்து வைத்திருந்தால் மாமா ஜெயித்திருப்பார். அஸ்லம் ஒருவேளை விற்றிருப்பான். விற்றிருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேச என்ன இருக்கும்? பழையபடி "சாப்டியா", "சாப்டேன்". பழையபடி கதவு.

அந்த மூன்று வருஷம் என் மகன் என்னிடம் பேசினான். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். அவன் வாயில் தமிழ் வந்துகொண்டிருந்தது. "அத்தா, இதுக்கு என்ன சொல்றது?" என்று என் முகத்தைப் பார்த்தான். அது நிற்கக் கூடாது என்பதற்காக, அவன் நொண்டிக் கிடாவுக்குக் கை கொடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் சேமிப்பைக் கொடுத்ததும் அவனுக்காக இல்லை. இன்னும் கொஞ்ச காலம் அவன் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

உன்னை அந்தச் சன்னலடியில் நாலு மாதக் கணக்கில் விட்டுவிட்டு வந்தேன். இவனையாவது கைக்குள் வைத்திருக்கலாம் என்று நினைத்தேன். அதில் இவனும் போய்விட்டான்.

இன்னொன்று. அவன் பங்கை அந்த நிறுவனம் விற்று எடுத்துக்கொண்ட ஆறாவது வாரத்தில் விலை ஏற ஆரம்பித்தது. இப்போது முன்பு இருந்ததைவிட மேலே நிற்கிறதாம், மாமா சொன்னார். சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. இருக்கை தேய்ந்தது நிஜம். விலை ஏறியதும் நிஜம். இரண்டுக்கும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை போல. நான் சொல்லியிருந்தால் அவனுக்கு லாபமா நஷ்டமா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. சொல்லியிருந்தால் தனியாக நின்றிருக்கமாட்டான். அது மட்டும் தெரியும்.

8

மேலே எழுதியதைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பினேன். நீ ஒரே மூச்சில் அவனுக்கு வாசித்துக் காட்டியதாகச் சொன்னாய். நான் உன்னை எப்படிக் குடைந்தேன் என்பது உனக்கு நினைவிருக்கும்.

"எந்த எடத்துலம்மா மறிச்சான்?"

"எங்கயும் மறிக்கலத்தா."

"சீட்டு சங்கதி வரும்போது? பதினைஞ்சு சீட்டை வச்சு ஒரு கம்பெனியை எடை போடலாமான்னு கேட்டிருப்பானே?"

"இல்லத்தா. ம், ம்ன்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான்."

"வெலை ஏறினதைச் சொன்னப்ப? 'நான் சொன்னேன்ல'ன்னு குதிச்சிருப்பானே?"

"இல்லத்தா. கடைசில, 'அத்தா சொன்னா சரியாத்தான் இருக்கும்'னான். அப்புறம் எம் பிள்ளைக காய்ச்சலைப் பத்திக் கேட்டான்."

நீ அதை நல்ல சேதியாக நினைத்துச் சொன்னாய். கோபம் தணிந்துவிட்டது என்றாய். எனக்கு அது கெட்ட சேதி. நான் சொன்ன எதையும் ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத பிள்ளைம்மா அவன். ஒப்புக்கொள்ளாமல் இருப்பதற்காகவே தமிழ் கற்றவன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவனுக்குக் குரல் செய்தி அனுப்புகிறேன். வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் பேசுகிறேன். முதல் வாரம், பேட்டரி கார் எல்லாம் மூன்று வருஷத்தில் ஒழிந்துபோகும் என்றேன். இரண்டாவது வாரம், மழைக்காலத்தில் அந்த வண்டியில் ஏறினால் ஷாக் அடிக்கும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என்றேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் முட்டாத்தனமாச் சொல்லு மாப்ள, அப்பத்தான் அவனுக்குப் பொறுக்காது" என்று எடுத்துக்கொடுக்கிறார். நாங்கள் இரண்டு கிழவர்கள், எதிரே ஒரு காலி நாற்காலி, ஆறிப்போன இட்லி.

நேற்று இப்படி அனுப்பினேன்: "அஸ்லம், அது வெறும் கார் கம்பெனிதாம்ப்பா. மூளையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நீ இம்புட்டு நாளாச் சொன்னது அம்புட்டும் தப்பு. இல்லேன்னா இல்லேன்னு சொல்லு பாப்போம்."

மத்தியானம் அவன் கேட்டுவிட்டதற்கு அடையாளமாக நீல டிக் விழுந்தது. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தேன். அதன் பிறகுதான் பதில் வந்தது.

"சரி அத்தா."